“பாஸானாப் போதும்” என்பதை விடுவோம்

படிவம் ஒன்றிலிருந்து எஸ்.பி.எம். வரை: தொடர் – 6

படிவம் 1 தொடங்கும் வாரத்தில் கணக்கு ஆசிரியர் பெற்றோரிடமிருந்து அதிகம் கேட்கும் வார்த்தை இதுதான்: “சார், பையன் கணக்குல கொஞ்சம் வீக். பாஸானாப் போதும்.” பெரும்பாலும் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே சொல்வார்கள். அக்கறையோடும் பணிவோடும்தான் சொல்வார்கள். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கான இலக்கு அந்த ஒரு நொடியில் முடிவாகிவிடுகிறது. அப்பா சொல்லிவிட்டார், ஆசிரியர் தலையாட்டிவிட்டார். இனி அந்தப் பிள்ளை எதற்காக அதற்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டும்?

சென்ற வாரம், தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு மாறும் பிள்ளைகள் புது நண்பர்கள் நடுவே தடுமாறுவதைப் பார்த்தோம். இந்த வாரம் அவர்களின் கணக்கு வகுப்புக்குள் போவோம். அந்த வகுப்பில் பிள்ளை எதை எட்ட வேண்டும், ஆசிரியர் பிள்ளையிடம் எதை எதிர்பார்க்க வேண்டும், வீட்டின் பங்கு என்ன? இந்த மூன்றையும் முதல் மாதத்திலேயே வாய்விட்டுப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

முன்பு இதை இவ்வளவு அழுத்திச் சொல்லத் தேவை இருக்கவில்லை. ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர்., படிவம் 3-இல் பிடி3 என்று தேர்வுகள் குறுக்கே நின்றன. பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை வெளியிலிருந்து யாரோ ஒருவர் சொல்லிவிடுவார். 2021-இல் யு.பி.எஸ்.ஆர். எடுக்கப்பட்டது. 2022-இல் பிடி3-யும் போனது. அந்தத் தேர்வுகள் பிள்ளைகள் மேல் ஏற்றிய சுமையை நானும் பார்த்தவன். அவை திரும்பி வர வேண்டும் என்று வாதாட வரவில்லை. ஆனால் அவை போன பிறகு வளர்ந்த பிள்ளைகளில் பலர், தங்கள் கணக்கின் உண்மையான நிலையை எஸ்.பி.எம். முடிவு கைக்கு வரும் நாளில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொள்கிறார்கள். அப்போது திருத்திக்கொள்ளக் காலம் இருப்பதில்லை.

இடையில் பள்ளி கொடுப்பது வகுப்பறை மதிப்பீடு. அதில் அடைவுநிலை 1 முதல் 6 வரை. பிள்ளைகள் ‘டிபி’ என்பார்கள். பல வீடுகளில் இந்த எண்ணின் பொருள் தெரியாது. டிபி 3 என்றால் ஆறில் மூன்று, பாதி மதிப்பெண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். டிபி 3 என்பது குறைந்தபட்சத் தேர்ச்சி. படித்ததைப் புரிந்துகொண்டு நேரடியான கணக்கில் பயன்படுத்த முடிகிறது என்று அர்த்தம். வழக்கமான கணக்குகளில் எளியவற்றுக்குத் தீர்வு காண முடிந்தால் 4. சிக்கலானவற்றுக்கும் முடிந்தால் 5. இதுவரை பார்க்காத வகைக் கணக்கையும் யோசித்துப் போட முடிந்தால் 6. எல்லாத் தலைப்பிலும் 3-இலேயே நிற்கும் பிள்ளைக்குக் கணக்கு ‘ஓகே’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. படிவம் 1, 2-இல் பெரும்பாலான தலைப்புகளில் 4-ஐ எட்டுவது நம் பிள்ளைகளுக்கு நியாயமான, எட்டக்கூடிய இலக்கு.

கணக்குக்கு மட்டும் இவ்வளவு முன்கூட்டியே இலக்கு எதற்கு? கணக்கில் ஒரு ஓட்டை விழுந்தால் அது அந்த ஆண்டோடு நிற்பதில்லை. ஒவ்வொரு படிவத்துக்கும் கூடவே ஏறி வருகிறது. ஓர் உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

படிவம் 1-இன் முதல் தலைப்பிலேயே எதிர்மறை எண்கள் வருகின்றன. கழித்தலை அடுத்து இன்னொரு கழித்தல் குறி வந்தால் என்ன செய்வது? 4 − (−2) என்றால் 6. பத்தில் சில பிள்ளைகள் 2 என்று எழுதுவார்கள். ‘சின்ன கவனக்குறைவு’ என்று விட்டுவிடுவோம். மறு ஆண்டு, படிவம் 2-இல், நேர்கோட்டின் சரிவு வரும். (−2, 3), (4, −1) என்ற இரு புள்ளிகள். மேலே −1 − 3 = −4; கீழே 4 − (−2) = 6. சரிவு −2/3. முதல் ஆண்டில் 2 என்று எழுதிய பிள்ளை இங்கேயும் கீழே 2 போட்டு, விடை −2 என்று முடிக்கும். பிறகு படிவம் 5-இல் அணிகள். மேல் வரிசையில் 2, −3; கீழ் வரிசையில் 4, 1. இதன் அணிக்கோவை 2×1 − (−3)×4, அதாவது 2 + 12 = 14. அதே பிள்ளை 2 − 12 = −10 என்று எழுதும். அந்த −10-ஐ வைத்து நேர்மாறு அணி, அதை வைத்து x, y என்று கணக்கு முழுவதும் சரிந்துவிடும். “அணி எனக்குப் புரியல சார்” என்று பிள்ளை சொல்லும். அணி அதற்குப் புரிந்துதான் இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் யாரும் நிறுத்தித் திருத்தாத ஒரு கழித்தல் குறிதான் அதன் காலை வாரியிருக்கிறது.

ஆகவே இலக்கைப் படிவம் வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். படிவம் 1-இல் 13 தலைப்புகள். எல்லாமே தேவை, ஆனாலும் ஆண்டு முடிவதற்குள் மூன்று விஷயங்கள் கைப்பழக்கமாகிவிட வேண்டும்: எதிர்மறை எண்கள், பின்னங்கள், ஒரு மாறி கொண்ட எளிய சமன்பாடு. படிவம் 2-இல் காரணிப்படுத்தலும் வரைபடமும். இவை இரண்டும் தடுமாறினால் படிவம் 4-இன் முதல் தலைப்பான இருபடிச் சார்பு வாசலிலேயே மறிக்கும். படிவம் 3-இல் அடுக்குகள், முக்கோணவியல் விகிதங்கள், நேர்கோடுகள். கூடுதல் கணிதம் எடுப்பதா வேண்டாமா என்ற முடிவு படிவம் 3-இன் கடைசியில் வருகிறது. அந்த முடிவை அந்த மாதத்தில் யோசித்து எடுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது முந்தைய மூன்று ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கப்பட்டிருக்கும்.

எஸ்.பி.எம். கணிதத் தாளின் அமைப்பும் பிள்ளைக்கு முதல் ஆண்டிலேயே தெரிந்திருப்பது நல்லது. முதல் தாளில் 40 புறவயக் கேள்விகள். இரண்டாம் தாளுக்கு 100 மதிப்பெண்: ‘அ’ பிரிவுக்கு 40, ‘ஆ’ பிரிவுக்கு 45, ‘இ’ பிரிவுக்கு 15. கேள்விகள் படிவம் 1 முதல் 5 வரையிலான பாடத்திலிருந்து வரலாம். இரண்டாம் தாளில் விடைக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. வழிமுறைக்கும் தனியாக உண்டு. அணிக்கோவையைத் தவறாகப் போட்ட அந்தப் பிள்ளைகூடப் படிகளை ஒழுங்காக எழுதியிருந்தால் சில மதிப்பெண்களைக் காப்பாற்றிக்கொள்ளும். மனத்துக்குள்ளேயே போட்டு விடையை மட்டும் எழுதும் கெட்டிக்காரப் பிள்ளை, விடை பிசகினால் அத்தனையையும் இழக்கும்.

இங்கே மொழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே ஆறு ஆண்டுகள் தமிழில் கணக்குப் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் மலாயிலும், டிஎல்பி எனும் இருமொழித் திட்ட வகுப்பு கிடைத்தால் ஆங்கிலத்திலும் படிக்கிறது. பின்னம், தசமம், விழுக்காடு, சுற்றளவு எல்லாம் அதற்கு நன்றாகத் தெரியும். தடுமாறுவது கேள்வியின் கட்டளைச் சொல்லில். ‘ஹித்துங்’ என்றால் கணக்கிடு. ‘செலெசைகான்’ என்றால் தீர்வு காண். ‘பெர்மூடாகான்’ என்றால் சுருக்கு. ‘ஜெலாஸ்கான்’ என்றால் விளக்கு. இப்படிப்பட்ட சொற்கள் இருபது, முப்பதுக்குள் அடங்கிவிடும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தமிழும் மலாயுமாக எழுதி ஒட்டிக்கொண்டால் இரண்டே மாதத்தில் பழகிவிடும். முதல் தேர்வில் மதிப்பெண் சரிந்ததைப் பார்த்து “இவனுக்குக் கணக்கு வராது” என்று முடிவுகட்டுவதற்கு முன்னால், அவனுக்குக் கேள்வி புரிந்ததா என்று கேளுங்கள். அதே கேள்வியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். போட்டுவிட்டால் சிக்கல் எங்கே என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வகுப்பில் ஆசிரியர் எதிர்பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. ஆனால் அவற்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது. என் வகுப்பில் மூன்று வைத்திருந்தேன். ஒன்று, படி எழுதாத விடை விடையாகாது. இரண்டு, தவறான கணக்கை அழிக்கக் கூடாது. பக்கத்தில் சிவப்பு மையில் திருத்தி எழுத வேண்டும், தவறு எந்தப் படியில் நடந்தது என்று கோடு போட வேண்டும். மூன்று, ‘தெரியல’ என்று வெற்றுப் பக்கத்தோடு வரக் கூடாது. எதுவரை தெரிந்ததோ அதுவரை எழுதிக்கொண்டு வர வேண்டும். அங்கிருந்து நான் சொல்லித் தருவேன். மூன்றாவதுதான் பிள்ளைகளை மாற்றியது. வெற்றுப் பக்கத்தை நீட்டும் பிள்ளைக்கு எங்கே தடுக்கியது என்று ஆசிரியருக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. பாதிக் கணக்கோடு வரும் பிள்ளை கேள்வியோடு வருகிறது.

இனி வீடு. நம் மாநிலத்தில் எத்தனை அப்பாக்கள், அம்மாக்கள் விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கெல்லாம் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஸ்கூடாய், மாசாய், கூலாய் தாமான்களில் பல பிள்ளைகள் பெற்றோர் முகத்தை இரவில்தான் பார்க்கின்றன. 2014 முதல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனியாக இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்ப்பவருக்கு ஞாயிறு ஓய்வு. அன்று பிள்ளைக்குப் பள்ளி. 2025 ஜனவரி 1 முதல் நமக்கும் சனி, ஞாயிறு விடுமுறையாகிவிட்டது. பல குடும்பங்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பொதுவாக ஒரு விடுமுறை நாள் கிடைத்திருக்கிறது. அதில் அரை மணி நேரத்தைக் கணக்குப் புத்தகத்துக்குக் கொடுங்கள்.

“எனக்கே கணக்கு தெரியாதே” என்று தயங்க வேண்டாம். நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். இந்த வாரத் தேதி இருக்கிறதா? படிகள் இருக்கின்றனவா? சிவப்புத் திருத்தம் இருக்கிறதா? பிறகு ஒரு கணக்கைக் காட்டி, “இதை எனக்குச் சொல்லு” என்று கேளுங்கள். எடுத்துச் சொல்ல முடிந்த கணக்குதான் பிள்ளைக்கு உண்மையில் தெரிந்த கணக்கு. டியூஷனுக்கு மாதாமாதம் கட்டணம் கட்டிவிட்டு இந்த அரை மணி நேரத்தை விட்டுவிடுபவர்கள் தங்கள் கையில் இருக்கும் பெரிய உதவியைக் கொடுக்காமல் விடுகிறார்கள்.

எதிர்பார்ப்பைக் குறைக்கும் நிலையில் நாம் இல்லை என்பதை நாட்டின் எண்களே சொல்கின்றன. உலக அளவில் நடக்கும் டிம்ஸ் மதிப்பீட்டில் நம் படிவம் 2 மாணவர்கள் 1999-இல் கணிதத்தில் 519 புள்ளிகள் எடுத்தார்கள். அந்த அளவுகோலின் நடுப்புள்ளி 500. 2011-இல் 440. 2023-இல் 411. அதே 2023-இல் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் 605. இந்தச் சரிவுக்குப் பாடத்திட்டம், மொழிக்கொள்கை மாற்றங்கள், பெருந்தொற்றுக் காலம் என்று ஆளாளுக்குக் காரணம் சொல்வார்கள். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை வேலை தேடப்போவது இந்த இரு கரைகளிலும்தான். ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு 2025 ஜனவரியில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. கூலாய் பக்கம் தரவு மையங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அங்கே காவலாளி வேலையும் இருக்கும், மின்பொறியாளர் வேலையும் இருக்கும். எந்த வரிசையில் நம் பிள்ளை நிற்கும் என்பதில் எஸ்.பி.எம். கணிதத்துக்கும் கூடுதல் கணிதத்துக்கும் பெரிய பங்கு உண்டு. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், தங்காக்கில் மெட்ரிகுலேஷன் கல்லூரியும் நம் மாநிலத்துக்குள்ளேயே இருக்கின்றன. பொறியியல் பக்கம் போக நினைக்கும் பிள்ளையிடம் இவை முதலில் பார்ப்பது கணக்கைத்தான்.

ஏழைப் பிள்ளைகளிடம் அதிகம் எதிர்பார்ப்பது கொடுமை என்று நினைப்பவர்களுக்கு ஹைமே எஸ்கலாண்டேயின் கதையைச் சொல்வேன். பொலிவியாவிலிருந்து அமெரிக்கா போய், 1974-இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலீசின் கார்ஃபீல்டு உயர்நிலைப்பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தவர். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளி அது. 1982-இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் கல்லூரித் தரத்து நுண்கணிதத் தேர்வில் தேறினார்கள். தேர்வு நடத்தியவர்கள் சந்தேகப்பட்டார்கள். 12 பேர் மறுபடி எழுதினார்கள். 12 பேரும் தேறினார்கள். 1988-இல் வந்த திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஓரிரு ஆண்டில் நடந்த அதிசயம்போலத் தோன்றும். நடந்தது அப்படியில்லை. கீழ் வகுப்புகளில் இயற்கணிதத்திலிருந்தே அவர் பிள்ளைகளைத் தயார்செய்துகொண்டு வந்தார். அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. உயர்ந்த எதிர்பார்ப்பும் ஆண்டு ஆண்டான தயாரிப்பும் சேர்ந்துதான் அந்த 18 பேரை உருவாக்கின. தயாரிப்பில்லாமல் எதிர்பார்ப்பை மட்டும் ஏற்றினால் அது பிள்ளையை மிரட்டுவதில்தான் முடியும்.

நம் படிவம் 4 கணிதப் பாடநூலின் கடைசித் தலைப்பு நிதி மேலாண்மை. பணம் சேர்ப்பதற்கு இலக்கு வைக்கும் முறை அதில் வருகிறது: இலக்கு தெளிவாக இருக்க வேண்டும், அளக்க முடிய வேண்டும், எட்டக்கூடியதாக இருக்க வேண்டும், நம் நிலைமைக்குப் பொருந்த வேண்டும், காலவரை வேண்டும். இதையே கணக்குப் பாடத்துக்கும் வைக்கலாம். “நல்லாப் படி” என்பது இலக்கே இல்லை. “மார்ச் கடைசிக்குள் எதிர்மறை எண்ணில் இருபது கணக்கு, ஒரு பிழைகூட இல்லாமல்” என்பது இலக்கு.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையோடு உட்கார்ந்து, இந்த ஆண்டு முடிவதற்குள் எட்ட வேண்டிய மூன்று இலக்குகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளையே எழுதட்டும், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த முறை ஆசிரியரைப் பார்க்கும்போது, “பாஸானாப் போதும்” என்று சொல்லும் இடத்தில் அந்தத் தாளை எடுத்து நீட்டி, “இதுக்கு நாங்க வீட்டுல என்ன செய்யணும் சார்?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்கும் பெற்றோரின் பிள்ளையை எந்த ஆசிரியரும் கடைசி வரிசையில் விட்டுவிட மாட்டார்.

(அடுத்த வாரம்: கூடுதல் கணிதம் யார் எடுக்கலாம், எப்போது விட்டுவிடலாம்?)