வேரைப் பிடுங்கினால் நோய் வரும்



செமோர், சுங்கை சிப்புட் பக்கம் பெத்தாய்க் காய் விற்க வருகிற செமாய் மக்களைப் பார்த்திருப்பீர்கள். நம்மில் பலர் அவர்களைச் "சக்காய்" என்கிறோம். அது இளப்பமான சொல். நம்மைக் "கிளிங்" என்றால் எப்படிச் சுருக்கென்று இருக்குமோ, அவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் ஓராங் அஸ்லி. இந்த மண்ணின் ஆதிக்குடிகள்.

சுகாதாரப் பகுதியில் இது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

1948 ஜூன் 16-ல் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரர்கள் சுடப்பட்டதும் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாதென்று நம் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். அதே காரணத்துக்காகக் காட்டு மக்களை மலையிலிருந்து இறக்கி முகாம்களில் அடைத்தார்கள். "வருகிறாயா?" என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. மலைக்காற்றில் வாழ்ந்தவர்கள் சமவெளி வெக்கையில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். கிழங்கும் வேட்டைக்கறியும் போய், பழகாத ரேஷன் சாப்பாடு வந்தது. நூற்றுக்கணக்கில் செத்தார்கள். நெருக்கம் தொற்றுநோயைப் பரப்பும். சாப்பாடு கெட்டால் உடம்பு அதைத் தாங்காது. மனம் விட்டுப்போனால் மருந்தும் சரியாக வேலை செய்யாது.

பிறகுதான் சர்க்காருக்குப் புத்தி வந்தது. 1950-களின் கடைசியில் கோம்பாக்கில் அவர்களுக்கென்றே ஆஸ்பத்திரி வந்தது. நோயாளியோடு குடும்பமும் கூடத் தங்கலாம். அவர்கள் பிள்ளைகளையே மருத்துவ உதவியாளர்களாகப் பழக்கினார்கள். தன் பாஷையில் பேச ஆள் இருந்ததால் பயம் விட்டு ஜனங்கள் வந்தார்கள். ஊரைப் பிரிக்காமல் வைத்தியம் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஆனாலும் கதை முடியவில்லை. 2019-ல் கிளந்தான் குவாலா கோவில் பத்துக்கும் மேற்பட்ட பாத்தேக் மக்கள் இறந்தார்கள். அங்கே பரவியது தட்டம்மை என்று சுகாதார அமைச்சு கண்டறிந்தது. ஊசியால் தடுக்கக்கூடிய நோய் அது!

நம் கதை மட்டும் என்ன? தோட்டம் விற்றார்கள், லயத்தை இடித்தார்கள். ஆயாக் கொட்டகை போச்சு, கோயில் போச்சு, அக்கம்பக்கம் போச்சு. அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, சர்க்கரை வியாதியோடும் சாராயத்தோடும் தனியே கிடக்கிறோம்.

சிலாங்கூரில் நெடுஞ்சாலைக்காக நிலம் பறிபோன தெமுவான் மக்கள் அப்படிச் சும்மா கிடக்கவில்லை. ஏழு பேர் முன்வந்து வழக்குப் போட்டார்கள். வழிவழியாக வாழ்ந்த நிலம் அவர்களுடையதே என்று 2002-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒன்றாய் நின்றதால் கிடைத்தது.

ஆகவே நாமும் இவற்றைச் செய்வோம்:

1. குழந்தைக்கு 9 மாதத்திலும் 12 மாதத்திலும் தட்டம்மை ஊசி போடுங்கள். தவறியிருந்தால் இன்றைக்கே அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள்.

2. காய்ச்சல், இருமல், கண் சிவப்பு, உடம்பெல்லாம் செந்தடிப்பு வந்தால் "அம்மா பார்த்திருக்கு" என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். வேப்பிலை வைக்க வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு டாக்டரிடமும் காட்டுங்கள். மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

3. உங்கள் மாடியில் தனியாக இருக்கும் முதியவரை வாரம் ஒரு தடவையாவது எட்டிப் பாருங்கள். மருந்து சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.

4. கிளினிக் வரிசையில் செமாய்த் தாய் நின்றால் முறைக்காதீர்கள், ஒதுக்காதீர்கள். பாரம் படிக்கத் தெரியாவிட்டால் உதவுங்கள்.

அவர்களையும் நம்மையும் வேலிக்குள் அடைத்தது ஒரே கைதான். அந்த வேலி போய் எத்தனையோ வருஷமாச்சு. மனசில் மட்டும் அதை ஏன் வைத்திருக்க வேண்டும்?