குவார்ட்டர் லேபிளில் '42.8' என்று இருக்கிறதே... அது என்ன கணக்கு?

நெல்லை:

டாஸ்மாக் கடைக்கு நெல்லைப் பக்கம் இன்னமும் 'ஒயின்ஷாப்' என்றுதான் பேர். ஆனால் அங்கே ஒயின் கேட்பவர்கள் சொற்பம். வண்ணார்பேட்டை, மேலப்பாளையத்தில் தொடங்கி அம்பாசமுத்திரம், பாபநாசம் வரை, வேலை முடிந்து வருகிறவர்கள் கேட்பது குவார்ட்டர்தான். விலையைப் பார்ப்பார்கள், மூடியைத் திருகுவார்கள். லேபிளை யார் படிக்கிறார்கள்?

படிக்க வேண்டிய விஷயம் அதில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மது பாட்டில் லேபிளுக்கு மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம் 2018-ல் தனி விதிகள் கொண்டு வந்தது. 2019 ஏப்ரல் 1 முதல் அவை அமலில் உள்ளன. 'மது உடல்நலத்துக்கு கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்' என்ற எச்சரிக்கை கட்டாயம். அதை மாநில மொழியிலும் போடலாம். சரக்கில் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்பதையும் அச்சிட வேண்டும்.

எழுத்து அளவுக்கும் கணக்கு உண்டு. 200 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் எச்சரிக்கை எழுத்தின் உயரம் குறைந்தது 3 மில்லிமீட்டர். 200 மில்லி வரை என்றால் 1.5 மில்லிமீட்டர் போதும். குவார்ட்டர் 180 மில்லி. அதாவது கூலித் தொழிலாளி வாங்கும் பாட்டிலில்தான் எழுத்து ரொம்பப் பொடிசு!

பீடிக் கட்டைப் பாருங்கள். 2016 ஏப்ரல் முதல் பீடி, சிகரெட் பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு படத்தோடு எச்சரிக்கை போட வேண்டும் என்பது விதி. வீட்டில் மனைவி சுற்றுகிற பீடிக்கு படம் போட்டு பயம் காட்டுகிறார்கள். கணவர் வாங்குகிற குவார்ட்டரில் எறும்பு சைஸில் இரண்டு வரி. புற்றுநோய் என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் மது புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-லேயே சொல்லிவிட்டது.

ஒரு குவார்ட்டர் = 6 டிரிங்க்!

பிராந்தி, ரம், விஸ்கி லேபிளில் வழக்கமாக 42.8 சதவீதம் என்று இருக்கும். 180 மில்லியில் 77 மில்லி சுத்த ஆல்கஹால் என்று அர்த்தம். எடை போட்டால் சுமார் 60 கிராம்.

10 கிராம் ஆல்கஹாலை ஒரு 'ஸ்டாண்டர்டு டிரிங்க்' என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அப்படிப் பார்த்தால் ஒரு குவார்ட்டர் 6 டிரிங்க். 5 சதவீத பீர் 650 மில்லி முழு பாட்டிலே இரண்டரை டிரிங்க்தான். 8 சதவீத 'ஸ்ட்ராங்' பீர் என்றால் 4. 'ஒரே ஒரு குவார்ட்டர்தானே' என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

காலையிலும் போதை

ஆல்கஹாலை உடம்பு மெதுவாகத்தான் வெளியேற்றும். மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான். 60 கிராம் கரைய 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரி 10 மணிக்கு குவார்ட்டர் அடித்தவர் விடிகாலை ஆட்டோ எடுத்தாலும், சாரத்தில் ஏறினாலும் போதை முழுசாக இறங்கியிருக்காது.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் தடவை பிடிபட்டால் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். விபத்தானால் குடும்பமே நடுத்தெருவில்!

லேபிளே இல்லாத சரக்கு பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் காவு வாங்கியது மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம்.

எவ்வளவு குடித்தால் ஆபத்து இல்லை? அப்படி ஒரு அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது.

நிறுத்த நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரலாம். டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துவதே நல்லது. பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவை அணுகலாம். 14446 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.