கடலோரத்துத் தர்மம்

பூம்புகாருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கண்ணகியைத் தேடிக்கொண்டுதான் போகிறார்கள். சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் எழுநிலை மாடத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள். பிறகு மணலில் சற்று நேரம் நின்று, "காவிரி இத்தனை மெலிந்து போய்க் கடலில் விழுகிறதே!" என்று அங்கலாய்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் மாயவரத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கடற்கரையோடு தெற்கே இறங்கிப் போகிறவர்கள் மிகக் குறைவு. போனால், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், அப்புறம் கோடியக்கரையைச் சுற்றிக்கொண்டு முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று ஊர்கள் தொடர்ந்து வரும். பூம்புகாரின் பழைய வாணிகம் மறைந்த பிறகும் கடல் வாணிகத்தைக் கைவிடாத ஊர்கள் இவை. மரக்காயர்கள் இங்கிருந்துதான் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறினார்கள்.

கப்பலேறியவர்களின் கதை நமக்குத் தெரியும். திரும்பி வந்து மாடி வீடு கட்டினார்கள். பள்ளிவாசலுக்கு நிலம் எழுதி வைத்தார்கள். அதனால் கடற்கரை முஸ்லிம் ஊர் என்றாலே சிங்கப்பூர்ப் பணம் கொழிக்கும் ஊர் என்று ஓர் எண்ணம் நம்மவர்களிடம் ஊன்றிப் போயிருக்கிறது. கப்பலுக்கு மூட்டை சுமந்தவர், வலை இழுத்தவர், பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர், தலைச்சுமையாகத் துணி விற்றவர் ஆகியோரும் அதே தெருவில் அதே தொழுகை வரிசையில் நின்றவர்கள்தாம். அவர்களுடைய பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று விசாரித்தவர்கள் சொற்பம். இந்தக் கட்டுரையின் விஷயம் அந்தப் பிள்ளைகளைப் பற்றியது.

தஞ்சை ஜில்லாக்காரர்களுக்குத் தர்மம் என்றால் முதலில் சோறுதான் ஞாபகம் வரும். நெல் விளைகிற பூமி அல்லவா! மராட்டிய அரசர்கள் சாலைதோறும் சத்திரம் வைத்தார்கள். இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் நிறுவிய முக்தாம்பாள் சத்திரத்திலே சோற்றோடு பள்ளிக்கூடமும் சேர்ந்திருந்தது; பசியும் படிப்பும் ஒன்றையொன்று தொட்டவை என்பதை அந்த அரசர் அறிந்திருக்கிறார். மதம் இந்தத் தர்மங்களுக்கு வேலியாக இருக்கவில்லை. நாகூர் ஆண்டவர் தர்காவின் உயர்ந்த மினாரைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். முஸ்லிம் கனவான்களின் கொடையும் அந்த நாளில் இதே வழியில்தான் சென்றது: கந்தூரிச் சோறு, நோன்புக் கஞ்சி, குளம், பள்ளிவாசல், அதையொட்டிக் குர்ஆன் ஓதிக் கொடுக்கும் மதரஸா.

அந்த மதரஸாவை அலட்சியமாகப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். அரபு எழுத்தோடு தமிழுக்கு வேண்டிய சில புது எழுத்துக்களைச் சேர்த்துக்கொண்டு, தமிழையே அந்த எழுத்தில் எழுதினார்கள். அதற்கு அரபுத் தமிழ் என்று பெயர். வீட்டை விட்டு வெளியே வராத பெண்கள்கூட அதிலே கடிதம் எழுதினார்கள். மார்க்க நூல்களும் பாட்டுக்களும் படித்தார்கள். ஆகவே அந்த வீடுகள் எழுத்தறியாத வீடுகள் அல்ல. ஆனால் சர்க்கார் உத்தியோகத்துக்கும் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்த எழுத்து செல்லாத நாணயமாகிவிட்டது. அந்நிய ஆட்சியின்மேல் கொண்ட வெறுப்பில் இங்கிலீஷ் படிப்பையும் தள்ளி வைத்தவர்கள் பலர். பணக்காரருக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. அவருக்குக் கடை இருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு வழியும் அடைபட்டன.

கதவைத் தட்டியவர்கள் இந்த ஜில்லாவிலேயே தோன்றினார்கள். கும்பகோணத்தை அடுத்த கீழ்மாந்தூரில் 1885-ல் பிறந்தவர் பா. தாவூத் ஷா. கணித மேதை ராமானுஜத்தோடு கும்பகோணத்தில் படித்தவர். ஒத்துழையாமை இயக்கத்தின்போது சர்க்கார் உத்தியோகத்தை உதறியவர். பின்னர் 'தாருல் இஸ்லாம்' பத்திரிகையை நடத்தி, குர்ஆனைத் தமிழில் பொருள் அறிந்து படியுங்கள், பெண்களைப் படிக்க வையுங்கள் என்று ஓயாமல் எழுதினார். எதிர்ப்புக்குக் குறைவில்லை. நாகூரிலே சித்தி ஜுனைதா பேகம் என்ற பெண்மணி மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், 1938-ல் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார். மூன்று வகுப்பு படித்தவர் நாவல் எழுதினார் என்று நாம் ஆச்சரியப்படுவது நியாயமே. நான்காம் வகுப்புக்கு அந்த ஊர்ப் பெண்கள் ஏன் போக முடியவில்லை என்று அதோடு கேட்டிருக்க வேண்டும்.

சுதந்திரம் வந்தது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 30-வது பிரிவு, சிறுபான்மையோர் தங்கள் விருப்பப்படி கல்வி நிலையங்கள் அமைத்து நடத்தலாம் என்று உரிமை அளித்தது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. பணம் கொடுக்க ஆள் வேண்டும். அடுத்த ஆண்டே, 1951-ல், திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி எழுந்தது. ஜமால் முகமது சாகிப், காஜாமியான் ராவுத்தர் என்ற இரு கொடையாளிகள் அதற்குக் காரணம். இவர்களில் ஜமால் முகமது தோல் வியாபாரத்தில் பெயர் பெற்றவர். 1931-ல் காந்தியடிகள் காங்கிரஸின் ஏகப் பிரதிநிதியாகச் சென்ற அதே லண்டன் வட்டமேஜை மகாநாட்டுக்கு, இந்திய வர்த்தகர்களின் சார்பில் போனவர்.

திருச்சியில் கல்லூரி வந்தது நல்லதுதான். அதிராம்பட்டினத்து மீனவர் மகன் திருச்சிக்குப் போய் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பதென்றால் எந்தப் பணத்தில்? அந்தக் கேள்விக்கு 1955-ல் விடை கிடைத்தது. அவ்வூரின் எம்.கே.என். மதரஸா டிரஸ்ட், காதர் முகைதீன் கல்லூரியைத் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் ஹாஜி எஸ்.எம்.எஸ். ஷேக் ஜலாலுத்தீன். டிரஸ்டின் பெயரைக் கவனியுங்கள்: மதரஸா டிரஸ்ட்! மார்க்கக் கல்விக்கென்று பெயர் கொண்ட தர்மம் கலைக் கல்லூரி கட்டுவதா என்று தயங்காமல், பெயரையும் மாற்றாமல், காரியத்தை விரித்துக்கொண்டார்கள். உப்பளமும் தென்னந்தோப்பும் மீன்பிடி படகுகளும் நிறைந்த அந்தக் கரையிலே, பட்டுக்கோட்டை வட்டாரத்துப் பிள்ளைகள் வீட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பட்டப் படிப்புப் படிக்க ஒரு வாசல் திறந்தது. முஸ்லிம் பிள்ளைகளோடு மற்றச் சமூகத்துப் பிள்ளைகளும் அதே பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள்.

இதே 1955-ல்தான் பூம்புகாருக்கும் மாயவரத்துக்கும் அருகே மன்னம்பந்தலில், அன்பநாதபுரம் வகையறா தர்மம் என்ற இந்துக் குடும்ப அறக்கட்டளை ஏ.வி.சி. கல்லூரியைத் தொடங்கியது. தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் பெயரால் அரசினர் கல்லூரியும் அதே வருஷம் வந்தது. மறு வருஷம் பூண்டியில் புஷ்பம் கல்லூரி. ஒருவரையொருவர் பார்த்துப் போட்டி போட்டார்களோ, காற்றிலே அப்படி ஏதாவது கலந்திருந்ததோ, சோறு போட்டுப் பழகிய ஜில்லா ஒரே மூச்சில் கல்லூரி கட்டக் கற்றுக்கொண்டது.

பலன் என்ன? 2001-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்திய முஸ்லிம்களில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 59.1; தேசம் முழுவதற்கும் 64.8. தமிழ்நாட்டிலோ முஸ்லிம்களுக்கு 82.9, மாநிலம் முழுவதற்கும் 73.5. வடக்கே பின்தங்கிய சமூகம் இங்கே முன்னே நிற்கிறது. தர்மம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட மாட்டோம். இட ஒதுக்கீடு, மதிய உணவு, பட்டணத்து வாசம் எல்லாம் சேர்ந்தன. 2006-ல் வெளியான ஸச்சார் கமிட்டி அறிக்கை, 6 முதல் 14 வயதுள்ள முஸ்லிம் குழந்தைகளில் நாலில் ஒரு பங்கு ஒருபோதும் பள்ளிக்குப் போகாதவர்கள் அல்லது பாதியில் நின்றவர்கள் என்றது. மதரஸாவிலேயே எல்லோரும் படிக்கிறார்கள் என்ற வழக்கமான பேச்சையும் அது பொய்யாக்கியது: பள்ளி வயதினரில் முழு நேர மதரஸாவில் படிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தாம். மற்றவர்கள் போக விரும்புவது சாதாரணப் பள்ளிக்கூடத்துக்கு. அது பக்கத்தில் இல்லை, அல்லது கையில் காசில்லை.

காசு என்று சொல்லும்போது, நமது பழைய கல்லூரிகளிலே இப்போது நேர்ந்திருக்கும் சங்கடத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1950-களில் தொடங்கிய வகுப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆசிரியர் சம்பளத்தைச் சர்க்கார் கொடுக்கிறது. ஆகவே மாணவர் கட்டணம் சொற்பம். 1990-களுக்குப் பின் தனியார் கல்லூரிகளில் வந்த புதிய பாடங்களுக்கு அந்த மானியம் கிடையாது. அவற்றை 'சுயநிதி' வகுப்புகள் என்கிறார்கள். சுயம் என்பது மாணவனின் தகப்பனார்! கம்ப்யூட்டர் போன்ற, வேலை கிடைக்கும் பாடங்கள் பலவும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. தர்ம ஸ்தாபனத்தின் வாசலில் நுழைந்த ஏழைப் பிள்ளை, மலிவான பாடத்துக்கு ஒரு கதவு, பிழைக்க வைக்கும் பாடத்துக்கு இன்னொரு கதவு என்று பார்க்கிறான்.

அறக்கட்டளை நிலங்களின் வருமானமும் முன்போல் இல்லை. பொது அறநிலைய விளைநிலங்களுக்கு 1961-ல் தனிச் சட்டமே வந்தது. குத்தகை நெல் உயரவில்லை, சிமெண்டு விலை உயர்ந்தது. வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர்கள் இன்றும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். கட்டடத்துக்குக் கொடுத்தால் கல்லில் பெயர் வெட்டலாம். ஒரு பெண்ணின் மூன்று வருஷக் கட்டணத்துக்குக் கொடுத்தால் எங்கே வெட்டுவது? நமது அபிப்பிராயம், இந்தக் கரையில் இனிக் கல்மண்டபங்கள் போதும் என்பதே.

அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. பிறகு அது தமிழ்வழி உதவிபெறும் பள்ளிப் பெண்களுக்கும் விரிந்தது. சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு மத்திய சர்க்கார் முதல் வகுப்பிலிருந்து கொடுத்து வந்த உபகாரச் சம்பளம், 2022-23 முதல் ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளோடு சுருங்கிவிட்டது. ஆக, எட்டாம் வகுப்பு வரை அவளுக்கு அந்த வழியில் எதுவும் வராது. பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்கும் வயது அதற்குள்தான் தொடங்குகிறது: பையனைக் கடைக்கு அனுப்புகிறார்கள், பெண்ணை வீட்டில் நிறுத்துகிறார்கள். ஊர் ஜமாஅத்துக்கள் ஆறாவது, ஏழாவது, எட்டாவது வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைப் பள்ளியில் வாங்கி, ஜூன் மாதத்தில் யார் திரும்பி வரவில்லை என்று பார்த்தால் போதும். ஊருக்கு எத்தனை பேர் என்பது கைவிரல்களில் எண்ணக் கூடியதாகவே இருக்கும். அந்த வீடுகளுக்கு நடந்து போவதற்கு டிரஸ்டு எதுவும் பதிவு செய்ய வேண்டியதில்லை.