திரையில் தோன்றும் தொலைபேசி இலக்கங்கள்

கதை புனைவேயெனினும், மெய்போலத் தோன்றினாலன்றி அது காண்போர் உள்ளத்திற் பதியாது. ஆதலின், கதை யாப்போர் தம் மாந்தருக்குப் பெயரும் ஊரும் தொழிலும் வகுத்துக் கொடுப்பர். அப்பெயருடையார் உலகில் உண்மையாகவே இருத்தல் கூடும். எனினும், அதனால் விளையும் தீங்கு சிறிது. ஒரு பெயரைப் பலர் தாங்குவர். 'அவர் யானல்லேன்' என்று கூறி எவரும் அமைதியுறலாம். தொலைபேசி இலக்கத்தின் இயல்போ வேறு. ஓரிலக்கம் ஒருவரை மட்டுமே சுட்டும். அன்றியும், அது வெறுங் குறியீடு அன்று, ஒரு கருவியுமாகும். அதனை அமுக்கிய மாத்திரத்தே எங்கோ ஒரு வீட்டில் மணி ஒலிக்கும். எனவே, திரைப்படத்திலும் தொலைக்காட்சி நாடகத்திலும் ஓர் இலக்கத்தைக் காட்டவேண்டுமாயின், எதனைக் காட்டுவது என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவிற்கு நாடுகள் சில கண்ட விடைகளை ஆராய்தல் பயனுடைத்து.

முதலில் ஐக்கிய அமெரிக்காவை நோக்குவோம். அந்நாட்டுப் பெருநகரங்களில் முற்காலத்திற் தொலைபேசி நிலையங்கள் பெயரால் வழங்கப்பட்டன. கருவியின் வட்டில் 2 முதல் 9 வரையுள்ள ஒவ்வோர் எண்ணோடும் மும்மூன்று ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. நிலையப் பெயரின் முதல் ஈரெழுத்துகளையும், அடுத்து ஐந்து எண்களையும் சுழற்றுவது வழக்கம். நியூயோர்க்கிலிருந்த பென்சில்வேனியா ஹொட்டேலின் இலக்கம் 'பென்சில்வேனியா 6-5000' ஆகும். கிளென் மில்லரின் இசைக்குழு 1940இல் அதனையே தலைப்பாக்கி ஒரு பாடலை இசைத்தது. அவ்விலக்கம் மெய்யானது, ஆயினும், விடுதிக்கு அது விளம்பரமாயிற்றேயன்றித் தொல்லையாகவில்லை. அவ்விடுதி 2020இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. ஜோன் ஓஹாரா 1935இல் எழுதிய நாவலும், அதனைத் தழுவி 1960இல் வெளிவந்த திரைப்படமும் 'பட்டர்பீல்ட் 8' என்னும் பெயரைத் தாங்கின. இங்கு நிலையம் சுட்டப்பட்டதேயன்றித் தனி வீடு சுட்டப்படவில்லை.

5 என்னும் எண்ணுக்குரியவை ஜே, கே, எல் என்னும் மூன்றெழுத்துகள். அவற்றுள் உயிரெழுத்து ஒன்றேனும் இல்லை. ஆதலின், முதல் ஈரெழுத்தும் இவற்றுள் அமையுமாறு நிலையங்களுக்குப் பெயரிடுதல் அரிதாயிற்று. 'கிளொண்டைக்' போன்ற சொற்களே கிடைத்தன. இக்காரணத்தால் 555 எனத் தொடங்கும் தொகுதி பெரும்பாலும் வழக்கில் வாராது கிடந்தது. இவ்வாறு வெறுமையாய்க் கிடந்த நிலத்தையே கதை யாப்போர் தமதாக்கிக் கொண்டனர். 1974இல் தொடங்கிய 'த றொக்போர்ட் பைல்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரில் துப்பறிவாளனின் இலக்கம் 555-2368. 1984இல் வெளிவந்த 'கோஸ்ற்பஸ்ரர்ஸ்' திரைப்படத்தில் பேயோட்டுவோர் விளம்பரத்திற் காட்டியதும் அதே இலக்கம்.

எனினும், 555 தொகுதி முற்றும் வெறுமையன்று. 555-1212 என்பது பிறர் இலக்கத்தை வினவி அறிவதற்குரிய சேவையாக நெடுங்காலம் விளங்கியது. 1994இல் அத்தொகுதியின் பிற இலக்கங்களையும் பயன்பாட்டிற்கு வழங்கத் தொடங்கியபோது, 555-0100 முதல் 555-0199 வரையுள்ள நூறு இலக்கங்கள் புனைவுக்கென ஒதுக்கி வைக்கப்பட்டன. ஆகவே, 555 எனத் தொடங்குவன எல்லாம் பாதுகாப்பானவை என்று கருதுதல் பிழையாகும்; அந்நூறு இலக்கங்களே ஐயமின்றிப் பாதுகாப்பானவை.

இவ்வேலியைத் தாண்டியபோது விளைந்தது யாது? 1981இல் ரொமி ருற்றோன் என்னும் குழுவினர் ஏழெண் கொண்ட இலக்கமொன்றையே தலைப்பாகவும் பல்லவியாகவும் கொண்ட பாடலை வெளியிட்டனர். பாடல் புகழெய்தியது; பல்வேறு பிரதேசங்களில் அவ்விலக்கத்தை உடையவர்களோ அமைதியிழந்தனர். 2003இல் வெளிவந்த 'புரூஸ் அல்மைற்றி' திரைப்படத்தில் கடவுளே ஓர் இலக்கத்திலிருந்து அழைப்பதாகக் காட்டினர். அது 555இல் தொடங்கவில்லை. பிரதேசக் குறியும் இல்லை. பிரதேசக் குறியின்றி ஓர் இலக்கத்தைக் காட்டின், அது ஒருவரையல்ல, அதனைக் கொண்ட எல்லாப் பிரதேசத்தவரையும் சுட்டும் என்பதை உணர்தல் வேண்டும். பலர் கடவுளைத் தேடி அந்நியர் வீடுகளை அழைத்தனர். வீட்டுப் பயன்பாட்டிற்கான பதிப்பில் அவ்விலக்கம் 555-0123 என மாற்றப்பட்டது.

அமெரிக்க முறையிலும் ஒரு குறை உண்டு. 555 என்னும் எண்ணைக் கண்டவுடனேயே, 'இது கதை' என்பதைக் காண்போர் உணர்ந்துவிடுகின்றனர். 1993இல் வந்த 'லாஸ்ற் அக்ஷன் ஹீரோ' இதனையே நகைச்சுவையாக்கியது. தான் திரைப்படத்தினுள் இருப்பதை நிறுவ விரும்பும் சிறுவன், இங்கு எல்லார் இலக்கமும் 555இல் தொடங்குகின்றதே என்று வாதிடுகின்றான். அதற்காகவே பிரதேசக் குறிகள் உள்ளன என்று கதாநாயகன் விடையிறுக்கின்றான். அயலாரைக் காக்கும் வேலியே கலையின் மாயையைக் குலைக்கும் முள்ளாகவும் அமைந்தமை இதனாற் புலனாகும்.

இவ்விரண்டையும் ஒருங்கே பேண முயன்றது பிரித்தானியா. அந்நாட்டின் தொடர்பாடல் ஒழுங்குபடுத்தும் அமைப்பாகிய ஒவ்கொம், ஒவ்வொரு பெருநகரின் மெய்யான குறியின் கீழும் ஆயிரம் இலக்கங்களை நாடகப் பயன்பாட்டிற்கென ஒதுக்கியுள்ளது. இலண்டனுக்கு 020 7946 0000 முதல் 0999 வரை. மான்செஸ்ரருக்கு 0161 496 0000 முதல் 0999 வரை. ஊர் குறிப்பிடப்படாத கதைக்கு 01632 என்னும் குறியும், கைத்தொலைபேசிக்கு 07700 900000 முதல் 900999 வரையும் உள்ளன. இலண்டன் வாசி ஒருவர் திரையில் இவ்விலக்கத்தைக் காணின் அது தம் ஊரதென்றே எண்ணுவார். அழைப்பினும் மறுமுனையில் எவரும் இரார். 2008இல் 'டொக்டர் ஹூ' தொடரின் நாயகனுக்கு வழங்கப்பட்ட இலக்கமும் இவ்வொதுக்கீட்டைச் சேர்ந்ததே. அவுஸ்திரேலியாவும் நிலையான தொலைபேசிக்கும் கைத்தொலைபேசிக்கும் இவ்வாறே இலக்கங்களைத் தனியே வகுத்துள்ளது. இணையத்திலும் 1999 முதல் சில பெயர்கள், எவர்க்கும் விற்கப்படாமல், எடுத்துக்காட்டிற்கென்றே பேணப்படுகின்றன.

இத்துணை ஏற்பாடுகள் இருந்தும் தவறுகள் நின்றபாடில்லை. 2021இல் கொரியாவிலிருந்து வெளிவந்த 'ஸ்குவிட் கேம்' தொடரில், விளையாட்டுக்கு அழைக்கும் அட்டையில் எட்டெண் கொண்ட இலக்கம் காட்டப்பட்டது. கைத்தொலைபேசி இலக்கங்களின் முன்னே வரும் 010 என்னும் குறி அதில் இல்லை. ஆயினும், அவ்வெட்டெண்ணை மட்டும் அழுத்தின் 010 தானாகவே முன்னிற் சேரும் என்பது கருதப்படவில்லை. அவ்விலக்கத்துக்கு உரியவர்க்கு இரவு பகலாக ஆயிரக்கணக்கான அழைப்புகள் வந்தன. ஒக்ரோபர் மாதத்தில் அக்காட்சிகளைத் திருத்துவதாக நெற்பிளிக்ஸ் அறிவித்தது. தமிழ்த் திரையும் இதற்கு விலக்கன்று. 2024 ஒக்ரோபர் 31இல் வெளிவந்த 'அமரன்' திரைப்படத்தில் கதாநாயகியின் இலக்கமாகக் காட்டப்பட்டது, சென்னை மாணவர் ஒருவரின் இலக்கம். ஓயாத அழைப்புகளாற் கல்வியும் உறக்கமும் குலைந்த அவர் நீதிமன்றத்தை நாடினார். இலக்கம் காட்சியிலிருந்து நீக்கப்பட்டது.

இலக்கத்தை மாற்றிக்கொண்டால் தொல்லை தீராதோ எனச் சிலர் வினவலாம். முற்காலத்தில் அது சிறு செயலாக இருந்திருக்கலாம். இன்றோ வங்கிக் கணக்கு, அரசாங்கப் பதிவு, தொழில், உறவு ஆகிய யாவும் ஓரிலக்கத்தோடு பிணைந்துள்ளன. அதனைத் துறத்தல் வீட்டை விட்டுக் குடிபெயர்தலை ஒக்கும். யாதொரு பிழையுஞ் செய்யாதவரைக் குடிபெயரச் சொல்லுதல் நீதியாகாது.

தமிழ் அகப்பொருள் மரபு, தலைவன் தலைவியர் பெயரைச் சுட்டிக் கூறலாகாதென விதித்ததை ஈண்டு நினைவு கூரலாம். ஒருவரைக் குறித்ததாயின், அஃது எல்லார்க்கும் பொதுவான உணர்ச்சியாகாது, தனியொருவரின் மறைவாழ்வைப் பலரறியச் செய்வதாகும். பெயரினும் கூர்மையாக ஒருவரைச் சுட்டுவது தொலைபேசி இலக்கம். எனவே, புனைவோர் ஒதுக்கப்பட்ட இலக்கங்களையே கையாளுதலும், அத்தகைய ஒதுக்கீடு இல்லாத நாடுகளில் அதனை வகுத்தலும் கடனாகும். அவையும் கிட்டாவிடின், உரியவரின் இசைவைப் பெறுதல் வேண்டும். அன்றேல் இலக்கத்தைக் காட்டாது விடுதல் வேண்டும். கதையின் இனிமைக்காகக் கதையோடு தொடர்பில்லாத ஒருவரின் உறக்கத்தை விலையாகக் கொடுத்தல் எக்கலைக்கும் உரிமையன்று.