தூவியும் தூசும்

பறவையின் உடலை மூடிய மெல்லிறகைத் தூவி என்றும், மயிலின் நெடிய இறகைப் பீலி என்றும், அது விரிந்த கோலத்தைத் தோகை என்றும் நுணுகிப் பெயரிட்டவர் தமிழர். நடுகல்லுக்குப் பீலி சூட்டி வழிபட்ட செய்தி சங்கப் பாடல்களில் உண்டு. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் மலைநாடும் நம் கொங்கு மண்ணை ஒட்டிய பழனிப் பகுதியே ஆகும். எனினும் பழைய பீலியைப் பேணும் முறையை நான் கற்றது இலக்கியத்திலிருந்து அன்று. என் தவறு ஒன்றிலிருந்து.

பாட்டனார் காலத்து மயிற்பீலிக் கட்டு ஒன்று எங்கள் இல்லத்தில் இருந்தது. தர்காவில் ஓதிப் பார்க்கும் பெரியவர் ஒருவர் அவருக்கு அளித்தது என்பர். தூசு படிந்திருந்த அதனைப் பெருநாளுக்கு முன்தினம் சலவைத்தூள் கரைத்த நீரில் அமிழ்த்திக் கசக்கி வெயிலில் உலர்த்தினேன். மாலையில் இழைகள் திரிதிரியாக ஒட்டிக் கிடந்தன. பீலிக் கண்ணின் நீலம் மங்கியிருந்தது. வீட்டு மூத்தவர் எவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே பெரிதும் வருத்தியது.

நான் செய்த பிழை யாது? இறகு என்பது நம் நகத்தையும் முடியையும் போலக் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நடுத்தண்டிலிருந்து கிளைகளும், கிளைகளிலிருந்து நுண்கிளைகளும் பிரிகின்றன. பெரும்பாலான இறகுகளில் நுண்கிளைகளின் கொக்கிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் இறகு ஒரே தகடுபோல் விளங்குகிறது. கொக்கி கழன்றால் பறவை அலகால் கோதிச் சீராக்கிக்கொள்ளும். இறந்த பறவைக்கு அவ்வாறு கோதுவார் இல்லை. சலவைத்தூளின் காரம் கெரட்டினை நலிவிக்கும். மயிலின் நீலமோ சாயமன்று. நுண்கிளைகளுக்குள் அடுக்கடுக்காய் அமைந்த நுண்கோல்களில் ஒளி பட்டுச் சிதறுவதால் தோன்றும் நிறம். இராபர்ட் ஹூக் 1665-இலேயே உருப்பெருக்கியின் வழி மயிலிறகை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அழுக்கோ சோப்புப் படலமோ மேலே படிந்தால் அவ்வொளி மங்கும்.

நம் நகரின் காஸ் வன அருங்காட்சியகத்தை மாணவர் பலர் பார்த்திருப்பர். வனத்துறை அதிகாரி ஹோரேஸ் ஆர்ச்சிபால்டு காஸ் 1902-இல் நிறுவியது அது. பாடம் செய்யப்பட்ட உயிரினங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் காணும் நமக்கு, அத்தகைய சேகரிப்புகளின் பகைவர் யாவர் என்பது தோன்றுவதில்லை. ஒளி சில நிறங்களை வெளுக்கச் செய்யும். ஆதலால் இறகுகளுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் ஒளியே போதுமென்பர். கம்பள வண்டின் புழுவும் துணிப்பூச்சியின் புழுவும் கெரட்டினையே தின்று செரிப்பவை. இவற்றுக்கு அஞ்சியே முற்காலத்தில் உலகெங்கும் பாடம் செய்வோர் தோலின் உட்புறத்தில் ஆர்செனிக் பாடாணம் கலந்த சோப்பைப் பூசினர். அந்நஞ்சு நூறாண்டு கடந்தும் அழியாது. பழைய பறவை உருவை வெறுங்கையால் தடவுதல் கூடாது. கையுறையும் முகமூடியும் இன்றியமையாதன. பூச்சியை ஒழிக்க இன்று பொருளை உறையிலிட்டு முத்திரையிட்டுச் சுழியத்திற்குக் கீழ் 20 பாகை அல்லது அதனினும் தாழ்ந்த குளிரில் ஓரிரு வாரம் வைக்கின்றனர்.

தூய்மை செய்வதிலும் முதற்படி உலர்முறையே. மெல்லிய தூரிகையால் தண்டிலிருந்து நுனி நோக்கித் தூசைத் தள்ளி, வலைத்துணி கட்டிய உறிஞ்சுகுழாயால் மெதுவாக வாங்குவர். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டுமே எரிசாராயமும் தூயநீரும் கலந்த கலவையைச் சிறிதளவு தொட்டு ஒற்றுவர். அதற்கு முன் மறைவான ஓரிடத்தில் நிறம் கரைகிறதா எனச் சோதிப்பர். ஆப்பிரிக்க டுராக்கோ பறவையின் செந்நிறம் காரநீரில் கரையக்கூடியது! பின்பு குளிர்ந்த காற்றில் உலர்த்தியபடியே கிளைகளை ஒவ்வொன்றாக நீவிக் கோதுவர். வளைந்த இறகை மெல்லிய நீராவி நிமிர்த்தும்.

ஆனால் தூசு அனைத்தும் அகற்றத்தக்கதுதானா? அமெரிக்காவின் தொழில் நகர்ப் பகுதியில் 135 ஆண்டுகளாகச் சேகரிக்கப்பட்ட 1,300-க்கும் மேற்பட்ட பறவைகளை அருங்காட்சியக இழுப்பறைகளிலிருந்து எடுத்து ஆய்ந்தவர்கள், அவற்றின் மார்பில் படிந்த கரியைக் கொண்டே அந்தந்தக் காலத்தில் காற்றில் இருந்த நிலக்கரிப் புகையை மதிப்பிட்டு 2017-இல் வெளியிட்டனர். பறவை ஆண்டுதோறும் இறகு உதிர்த்துப் புதிதாய் முளைப்பிப்பதால், அக்கரி ஏறக்குறைய அவ்வாண்டுக் காற்றின் சான்று. சுவீடனிலும் 1966-இல் பழைய பறவை இறகுகளில் பாதரசத்தை அளந்து, 1940-க்குப் பின் அது மிகுந்ததை நிறுவினர். முன்பே யாரேனும் ஆர்வத்தால் கழுவித் துடைத்திருந்தால் அக்கரிச் சான்று நீரோடு போயிருக்கும்.

பஞ்சாலைப் புகையைக் கண்ட கோவைக்கு இது வேற்றூர்ச் செய்தியன்று. பைக்காரா மின்சாரம் 1930-களில் வருமுன்னரே இங்கு ஆலைகள் இருந்தன. அக்காலப் பறவைத்தோல் ஒன்று, பிடித்த இடமும் நாளும் குறித்த சீட்டோடு எங்கேனும் மூடிய பேழையில் கிடைக்குமாயின், துடைப்பதற்கு முன் நிழற்படம் எடுத்து, அழுக்கின் சிறு கூற்றைத் தனியே சேமித்தல் வேண்டும். சீட்டு இல்லையேல் அப்பறவை அழகுப்பொருளே, சான்றாகாது. திறந்த கூடத்தில் பல்லாண்டு நின்ற உருவில் உயிரோடிருந்தபோது படிந்த கரியும் கூடத்துத் தூசும் கலந்துவிடும் என்பதையும் மறத்தலாகாது.

எங்கள் பீலிக் கட்டைப் பின்னர் வாலை வடிநீரில் அலசி, விசிறிக் காற்றில் உலர்த்தி, கெண்டி நீராவியில் காட்டி இழையிழையாகக் கோதினேன். நீலம் ஓரளவு மீண்டது. ஏழெட்டுப் பீலிகள் திரிந்தபடியே உள்ளன. பாட்டனார் காலத்துத் தூசு மட்டும் அன்றைய சலவை நீரோடு போயிற்று.