காலையில் எடுத்த முடிவு மாலையில் ஏன் கரைகிறது?

"இன்றோடு சிகரெட்டை விட்டேன்" என்று காலையில் சொன்னவர், மாலையில் டீக்கடையில் பற்றவைக்கிறார். மன உறுதி இல்லை என்று வீட்டார் திட்டுவார்கள். அதில் பாதிதான் நியாயம். புகையை இழுத்த சில நொடிகளிலேயே நிகோடின் மூளையை எட்டி இன்ப உணர்வைத் தூண்டும் டோபமைனைச் சுரக்கவைக்கிறது. ரத்தத்தில் நிகோடினின் அளவு ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும்; எரிச்சலும் பதற்றமும் தலைதூக்கும். அடுத்த சிகரெட் தரும் நிம்மதி, பெரும்பாலும் முந்தையது உண்டாக்கிய தவிப்பு தணிவதுதான்.

விட்ட முதல் 3 நாள் கடினம். ஆனால் ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்களில் அடங்கும். என்றோ வரக்கூடிய புற்றுநோயை நினைத்து அந்த நிமிடங்களைக் கடப்பது சிரமம். தொலைதூர பயம் மூளைக்கு உறைக்காது. கிட்டத்துப் பலன் உறைக்கும்: ஓரிரு நாளில் ரத்தத்தின் கார்பன் மோனாக்சைடு இயல்புக்கு இறங்கிவிடும். தனியாகத் தவிக்கவும் வேண்டாம். 1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணுக்குக் கட்டணமில்லை.