முதல் ஆயிரம் நாள்கள்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலம் வானம் பார்த்த பூமியாகும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே அங்குப் பருத்தியும் கம்பும் உளுந்தும் பாசிப்பயறும் விதைக்கப்படுகின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பங்களைத் தாங்கியது தீப்பெட்டித் தொழில். எண்ணிக்கைக்கேற்பக் கூலி என்பதால் பெண்கள் விடியற்காலையிலேயே ஆலைக்குப் புறப்பட்டுவிடுவர். தாய் புறப்பட்ட வீட்டில் பாட்டியின் மடியில் கிடக்கும் எட்டு மாதக் குழந்தைக்கு அரசின் சேவை எவ்வாறு சென்று சேரும்?

1975 அக்டோபர் 2 அன்று, நாடெங்கும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்வழி அங்கன்வாடி மையங்கள் தோன்றின. மையத்திற்கு நடந்து வரும் குழந்தைக்கு அங்கே உணவு உண்டு. பாட்டும் விளையாட்டும் உண்டு. ஆனால், மூளையும் உடலும் மிக விரைந்து வளர்வது கருவில் 270 நாள், பிறந்த பின் 730 நாள் என அமையும் முதல் ஆயிரம் நாள்களில்தான். அந்நாள்களில் குழந்தை வீட்டில் இருக்கிறது. ஆகவே பணியாளர்தாம் வீட்டிற்குச் செல்ல வேண்டும்.

இதனைத் தமிழகம் முன்னரே உணர்ந்திருந்தது. 1980இல் உலக வங்கியின் உதவியுடன் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளையே முதன்மையாகக் கொண்டது. உள்ளூர்ப் பெண்களே பணியாளர்களாயினர். மாதந்தோறும் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறித்தனர். எடை போதிய அளவு கூடாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்திற்கு இணை உணவு வழங்கினர். மெலிந்தபின் மீட்பதைவிட மெலியத் தொடங்கும்போதே கண்டறிவது எளிது என்னும் எண்ணமே இதன் அடிப்படை.

இன்று கரிசல் ஊர்களில் இப்பணியைக் கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் செய்கின்றனர். வீட்டிற்குள் சென்றால்தான் தெரியவரும் செய்திகள் பல. பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கும் ‘சேனை’ வழக்கம் அவற்றுள் ஒன்று. அது பாட்டியின் அன்பு. ஆனால் சீம்பால் சேர வேண்டிய வேளையில் கிருமியும் உடன் சேரலாம். சித்திரை வெயிலில் குழந்தைக்குத் தாகம் எடுக்குமே என்று தண்ணீர் புகட்டுவதும் உண்டு. தாய்ப்பாலில் பெரும்பகுதி நீரே என்பதால் ஆறு மாதம் வரை வேறு நீர் தேவையில்லை. இதனைக் கட்டளையாகக் கூறினால் எந்தப் பாட்டியும் ஏற்கமாட்டார். அருகில் அமர்ந்து பேசினால் ஏற்பார்.

சத்துமாவின் நிலையும் அவ்வாறே. கைக்குழந்தைக்கென வழங்கப்படும் மாவு, பசித்து வரும் அண்ணனுக்கும் அக்காளுக்கும் பங்காகிவிடுவதுண்டு. பதிவேட்டில் ‘வழங்கப்பட்டது’ என்று இருக்கும். குழந்தையின் எடையோ ஏறாது. அடுப்படியைக் கண்டவருக்கே காரணம் விளங்கும்.

வீடு தேடிச் செல்வதன் பயனைப் பிற இடங்களும் காட்டியுள்ளன. மகாராட்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்களான அபய் பங், ராணி பங் இணையர், கிராமப் பெண்களுக்குப் பயிற்சியளித்து வீடுகளுக்கு அனுப்பினர். மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்ததாக 1999இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஜமைக்கா நாட்டில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்குப் பணியாளர்கள் வாரம் ஒருமுறை சென்றனர். வீட்டுப் பொருள்களால் செய்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு குழந்தையுடன் விளையாடத் தாய்மார்க்குக் கற்பித்தனர். இருபது ஆண்டுகளுக்குப் பின், அக்குழந்தைகள் தம்மை ஒத்த ஏனையோரைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு மிகுதியாகப் பொருளீட்டினர்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை, காலம் தேவை. மையத்தில் சமையல், கற்பித்தல், பல பதிவேடுகள் என ஒரே பணியாளர்மேல் வேலைகள் குவியும்போது முதலில் குறைவது வீட்டுச் சந்திப்பே. நண்பகலில் சென்றால் தாய் ஆலையில் இருப்பார். அவர் திரும்பும் அந்திப் பொழுதிலோ பணியாளரின் வீட்டிலும் அடுப்பு மூட்ட வேண்டும்.